துரைமார் ஆடிய வில்லைகள்

பஸ்லியின் ஓட்டோ மேடு ஏறாது. அவனுக்கு இருந்த ஒரே பிரச்சினை அதுதான்.

போன வாரம் அலுவிகாரை மேட்டில் அது மூச்சை விட்டபோது, அவன் மனைவி றிப்கா இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாளே அவள் பல்லேபொலவில் இருக்கும் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

“யாரும் தள்ளாம அந்த ஓட்டோ இங்க வந்து சேரட்டும். அப்ப வாரேன்” என்று ஃபோனில் கறாராகச் சொல்லியும்விட்டாள்.

புது எஞ்சினுக்குக் காசு ஏது? பஸ்லி விழி பிதுங்கி நின்ற நேரத்தில்தான் கிரஹாம் வந்து சேர்ந்தார்.

கிரஹாம் இங்கிலாந்துக்காரர், பழம்பொருள் பைத்தியம். சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக மேசையில் வைக்கும் போக்கர் வில்லைகளை ஒரு டப்பா நிறைய இணைய ஏலத்தில் எடுத்திருந்தார். சிவப்பும் வெள்ளையுமான வில்லைகள். நடுவில் ஒரு தேயிலைக் கொழுந்து, அதன் கீழே ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து.

“அந்தக் காலத்தில் எல்கடுவ தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஆடியவை என்று நினைக்கிறேன். விஷயம் தெரிந்த ஒருவர் கமெராவுக்கு முன்னால் அதைச் சொல்லவேண்டும். ஆளைக் காட்டினால் ஒன்றரை லட்சம் தருகிறேன்.”

“எனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியும் சேர்” என்றான் பஸ்லி. அவனுக்கு யாரையும் தெரியாது.

சூதாடுவது ஹராம். யாரோ எப்போதோ சூதாடியதாகச் சொல்வது அவ்வளவு ஹராமாக இருக்காது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

எல்கடுவ ஏற்றத்தில் இரண்டு இடத்தில் கிரஹாமே இறங்கித் தள்ளினார். முகம் சுளிக்கவில்லை. பஸ்லிக்கு அப்போதே அவர் மீது இரக்கம் வந்துவிட்டது.

முதலில் கண்ணில் பட்ட தொழிலாளர் லயத்தின் முன்னால் ஓட்டோ நின்றது. வாசலில் உட்கார்ந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார் மாரிமுத்து என்ற பெரியவர். கிரஹாம் ஃபோனைக் கம்பியில் பொருத்திப் படம் பிடிக்கத் தொடங்கினார். பஸ்லி ஒரு வில்லையைப் பெரியவரின் கையில் வைத்தான்.

“இது என்னாங்கையா? சொல்லுங்க பாப்போம்.”

மாரிமுத்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேரம் காயா தம்பி?”

பஸ்லி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினான். “பார்த்ததும் உடம்பே சிலிர்த்துவிட்டதாம் சேர். இவருடைய அப்பா துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவராம்.”

உள்ளேயிருந்து மனைவி காத்தாயி எட்டிப் பார்த்தாள். “தகரம் போட்டுக் குடுக்க வந்த வெள்ளக்காரரா? கூரை ஒழுகுறதச் சொல்லு தம்பி. மழ வந்தா விடிய விடிய சட்டி பானைய வச்சிக்கிட்டு முழிச்சிருக்கோம்.”

“மழை நாட்களில் துரைமார் விடிய விடிய ஆடுவார்களாம்” என்றான் பஸ்லி. “இந்த வில்லைகள் மேசையில் குவிந்து கிடக்குமாம்.”

“ஆப்பீஸ்ல மனு குடுத்துக் குடுத்துக் கையே தேஞ்சிருச்சு” என்றார் மாரிமுத்து. “போன தொர பாக்குறேன்னாரு. இந்தத் தொரயும் பாக்குறேங்கிறாரு.”

பஸ்லிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. “ஒரு துரை தன் குதிரையையே பந்தயம் வைத்தாராம் சேர். தோற்றுப்போய், விடிந்ததும் மாத்தளை வரைக்கும் கால்நடையாகவே போனாராம். ஜெயித்த துரை மனம் கேட்காமல் அந்தக் குதிரையிலேயே பின்னால் போய்ச் சமாதானம் சொன்னாராம்!”

“நான் ரெண்டு வார்த்த பேசுனா நீ என்னா ரெண்டு பக்கம் பேசுற?” மாரிமுத்து சந்தேகமாகக் கேட்டார்.

“இங்கிலீஷ் அப்படித்தாங்கையா. கொஞ்சம் நீளம்.”

கிரஹாமோ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. “அருமை, அருமை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காத்தாயி எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். “தகரம் கட்டாயம் வந்துருமா தம்பி?” என்று பஸ்லியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். எஞ்சின் கனவில் இவர்களைப் பகடைக்காயாக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

“சேர், கதை சொன்னவர்களுக்கும் ஏதாவது...” என்று இழுத்தான்.

கிரஹாம் யோசிக்கவே இல்லை. கூரை முழுவதற்கும் தகரம் வாங்கக் காசு எண்ணிக் கொடுத்தார். காத்தாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

இறக்கத்தில் ஓட்டோ பறந்தது. கிரஹாமை மாத்தளை ஹோட்டலில் இறக்கிவிட்டு, சட்டைப்பையில் ஒன்றரை லட்சத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி பஸ்லி றிப்காவை அழைத்தான்.

“புது எஞ்சினோட வாரேன் புள்ள. உடுப்பெல்லாம் எடுத்து வை.”

“காசு ஏது? யார ஏமாத்துனீங்க?”

பஸ்லியின் சிரிப்பு பாதியில் நின்றது. “ஒரு அப்பாவிய. சூதுவாது தெரியாத மனுசன். அல்லாஹ் என்ன மன்னிக்கோணும்.”

அதே நேரத்தில் ஹோட்டல் அறையில் கிரஹாம், ஏலத்தில் அந்த வில்லைகளை விற்றவனும் போன மாதம் வீட்டுப் பின்கட்டில் அவற்றை வார்த்தவனுமான தன் தம்பியிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “இன்னும் ஆயிரம் வார்த்து வை, இந்தப் படத்தைக் காட்டியே விற்றுவிடலாம், முதல் மூன்று ஓட்டோக்காரர்களும் சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்துக் காரியத்தைக் கெடுத்தார்கள், நான் தேடிய ஆள் இன்றைக்குத்தான் கிடைத்தான்!”