ஆறாத மூக்கு

அறுவை சிகிச்சையில் மூக்கைச் செதுக்கிக்கொண்டு வீடு திரும்பிய மெர்லினிடம் மருத்துவமனை ஒரு கண்ணாடியையும் கொடுத்தனுப்பியிருந்தது. தினமும் கட்டுப் பிரித்து மாற்றும்போது அதன் முன்னால் நின்றால் போதும், காயத்தைப் பார்த்து அதுவே பேசும்.

“வீக்கம் நல்லா வத்திடுச்சு மேடம். தழும்பே தெரியல.”

மெர்லினுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து மகள் ஜெனி இடையில் புகுந்து எட்டிப் பார்த்தாள். மெர்லின் வாழ்நாளெல்லாம் வெறுத்த அந்தப் பழைய மூக்கை அப்படியே உரித்து வைத்திருந்தது குழந்தையின் முகம்.

கண்ணாடி சிவந்தது. “மூக்கு வீக்கம் குறையவே இல்ல மேடம். உடனே டாக்டரைப் பாருங்க.”

“ஐயோ, அது என் பொண்ணு!” மெர்லின் பதறிப்போய்க் கண்ணாடியைத் துண்டால் மூடினாள்.

ஜெனி பிளாஸ்திரியை எடுத்து நீட்டினாள். “எனக்கும் ஒட்டி விடும்மா. எனக்கு எப்ப ஆறும்?”