ரேகை

இந்தக் கடைசல் பட்டறையில் விரிசல் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. மரக்கிண்ணத்தில் எந்தப் பிளவு ஓடினாலும், வாங்க வருபவர் முன்னால் அது ரேகைதான். ஜன்னல் வெளிச்சத்தில் மரத்தூள் மிதக்க, அக்கா ஒரு கிண்ணத்தின் வெடிப்புக்குள் காப்பித்தூள் குழைத்த பசையை ஊசிமுனையால் திணித்துக்கொண்டிருக்கிறாள். காது மட்டும் முன்மேசையில் இருக்கிறது. அங்கே தம்பி, நேற்று அவள் அடைத்து மெருகேற்றிய கிண்ணத்தை ஒரு பெண்ணிடம் நீட்டுகிறான். அந்தப் பெண்ணின் இடுப்பிலிருக்கும் குழந்தை அதன் விளிம்பைக் கடித்துப் பார்க்கிறது. “இந்தக் கறுப்புக் கோடு என்னங்க?” “மரத்தோட ரேகைங்க. நம்ம கையில இருக்கிற மாதிரி.” “அப்ப ஜோசியமும் சொல்லுவீங்களா?” இருவரும் சிரிக்கிறார்கள். “இவனுக்குச் சுடச்சுடக் கஞ்சி ஊத்தணும். தாங்குமா?” “தாராளமா ஊத்துங்க” என்கிறான் தம்பி, அக்காவின் பக்கம் திரும்பாமல். சூட்டில் அந்தப் பசை இளகும் என்பது அக்கா, தம்பி இருவருக்கும் தெரியும். ஊசி வழுக்கி, அக்காவின் நகக்கண்ணில் பசை அப்பிக்கொள்கிறது. சுரண்டுகிறாள், வரவில்லை. முக்காலி கிறீச்சிடுகிறது, உட்கார முடியாமல் எழுகிறாள், மறுபடி உட்கார்கிறாள். “அக்கா, சுத்தித் தர ஒரு தாள் எடேன்.” அவள் வெறுங்கையோடு முன்மேசைக்கு வருகிறாள். “தாள் கெடக்கட்டும்டா.” குழந்தையின் வாயிலிருந்து கிண்ணத்தை மெல்ல விடுவிக்கிறாள். “புள்ளைக்கு இதுல ஊத்தாதம்மா. சூடு பட்டா பசை இளகிக் கஞ்சியில கலந்துடும். நான்தான் அடைச்சேன். இது ரேகை இல்ல, விரிசல்.”