சிவப்படித் தம்ளர்

செங்கமலத்தின் இடது சிறுநீரகத்தைக் காசநோய் அரித்துவிட்டதென்று வெட்டி எடுத்தார்கள், கண்ணுகளா. எடுத்ததை அந்தக் காலம்போல எறிந்துவிடவில்லை. ஒன்பது மாதம் ஆஸ்பத்திரியிலேயே உயிரோடு வைத்து, நோயைக் கழுவி, "வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று கடிதம் போட்டார்கள்.

அவள் குணமாகியும் வீட்டில் தனித் தம்ளர்தான். அவள் கணவனின் அக்கா பேச்சியம்மாள், அடிக்கடி ஊற்ற வேண்டாமென்று பெரிதாகப் பார்த்து வாங்கி, அடியில் சிவப்புப் பெயிண்ட் தடவியிருந்தாள்.

அந்தப் பேச்சியம்மாளுக்கு இப்போது இரண்டு சிறுநீரகமும் நின்றுவிட்டன. தண்ணீரைக்கூட அளந்துதான் குடித்தாள். செங்கமலத்துடையது அவளுக்குப் பொருந்தியது.

"எனக்கு ஒண்ணு போதும் மதினி. நீங்க வச்சுக்கிடுங்க."

"காசம் பிடிச்சதையா எனக்குள்ள வைக்கச் சொல்லுத?"

"கழுவிட்டாங்க. நீங்க கழுவுற பாத்திரத்தைவிடச் சுத்தம்."

"வாய்க்கு மட்டும் ஒரு நோயும் வரல உனக்கு" என்றபடி பேச்சியம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

சிகிச்சை முடிந்த நாலாம் நாள், இனி தாகம் தீரக் குடிக்கலாம் என்றார் மருத்துவர். செங்கமலம் வீட்டிலிருந்து மதினியின் பித்தளைத் தம்ளரைத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்தில் தன்னுடையதையும் வைத்திருந்தாள்.

பேச்சியம்மாள் இரண்டையும் பார்த்தாள்.

"எதுல நிறையப் பிடிக்கும்?"

"என்னோடதுல."

"அப்ப அதுலயே ஊத்து."