தளர்த்திய தையல்

தங்கை கல்யாணத்துக்கு உடுத்த ஜெசிந்தா பரிமளாவின் மாம்பழ நிறப் பட்டுப்புடவையைக் கேட்டாள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே இருவரும் துணிகளை மாற்றி மாற்றி உடுத்துகிறவர்கள். ஜெசிந்தா கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். அதனால் பரிமளாவே ஜாக்கெட்டின் உள்தையலைப் பிரித்து, தளர்த்திக் கொடுத்தாள்.

புடவையும் ஜாக்கெட்டும் இஸ்திரி போட்டுத் திரும்பி வந்தன. தையலை மறுபடி பிடிப்பதற்குள் பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு வளைகாப்பு வந்துவிட்டது. பரிமளா அவசரமாக அதையே உடுத்தினாள். தளர்த்திய ஜாக்கெட் அவளுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வெயிட் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் செங்கல்பட்டில் ரயிலிறங்கி வீட்டுக்கு வந்தாள். கணவன் தணிகைவேல் கதவைத் திறந்தான்.

"வாம்மா ஜெசிந்தா. இன்னா, தனியா வந்துகீற? உன் வூட்டுக்காரரு தாவீது வரலியா?"

"விளையாடாத. வழிய வுடு, கால் வலிக்குது."

அவன் விருந்தாளியிடம் சிரிப்பதுபோல் சிரித்தான். மகள் தேவிப்பிரியா, "உக்காருங்க ஆன்ட்டி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான்தான்டி, அம்மா" என்றாள் பரிமளா. குழந்தை அப்பாவின் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

"பரிமளா, யார் வந்துகீறாங்க பாரு" என்று தணிகைவேல் உள்ளே குரல் கொடுத்தான்.

சமையலறையிலிருந்து ஜெசிந்தா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். பரிமளாவின் நீல நைட்டியை அணிந்திருந்தாள். தோழியைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"உனக்குத்தான்டி எடுப்பா கீது. திருப்பித் தர வேணாம், நீயே வெச்சிக்க."