தாவாயில் ஒரு தழும்பு

"மொதல்ல நாயைக் கட்டுங்க மாப்பிள்ளை."

மகள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றபடி சொன்னேன். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். யார் வேலைக்குக் கூப்பிட்டாலும், ஃபிரிட்ஜுக்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன் வீட்டில் நாய் உண்டா என்றுதான் கேட்பேன். உண்டு என்றால், அந்த மாடல் எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிவிடுவேன். எனக்குப் பழக்கமில்லாத மாடலே கிடையாது என்பது வேறு விஷயம்.

வெளியூரில் இருந்த மகள் போன மாதம்தான் கைக்குழந்தையோடு இந்த வீட்டுக்குக் குடிவந்தாள். அன்றிலிருந்து நானும் கேட்டுக்கு வெளியே நின்று பேத்திக்குக் கையாட்டிவிட்டுத் திரும்புகிறேன். இன்னும் அவளைத் தூக்கியதில்லை. குழந்தையை இங்கே கொண்டுவந்து கொடு என்று ஒருமுறை கெஞ்சிப் பார்த்தேன்.

"தூக்கணும்னா உள்ள வாங்கப்பா. கேட்டுக்கு மேல நீட்டறதுக்கு அவ என்ன பார்சலா?" என்றாள் மகள்.

நாயைக் கட்டவும் மாட்டாளாம். குழந்தை பிறந்த நாளிலிருந்து அது அவள் பக்கத்தை விட்டு நகர்ந்ததில்லையாம். பஞ்சு என்று பெயர். பாதிப் பல் விழுந்துபோன கிழம் என்றார் மாப்பிள்ளை. மீதிப் பல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தான் இன்று அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். எனக்கு எட்டு வயது மூத்தவள். சின்ன வயதில் என்னை நாய் கடித்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள் ஒருத்திதான். கண்ணால் பார்த்த சாட்சியே வந்து நின்றால் மகள் மறுத்துப் பேச முடியாதல்லவா?

மாப்பிள்ளையிடம் தாவாயை நிமிர்த்தித் தழும்பைக் காட்டினேன்.

"தவழ்ற வயசு மாப்பிள்ளை. வாசப்படிகிட்ட சும்மா உக்காந்திருந்தேன். பாஞ்சு வந்து கவ்விடுச்சு. இப்ப நினைச்சாலும் நாக்குல ரோமம் ஒட்டின மாதிரியே இருக்கும்."

சொல்லச் சொல்ல அந்த நாயும் என்னோடு வளர்ந்துதான் வந்திருக்கிறது. என் கல்யாணத்தின்போது ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்தது, இன்று மாப்பிள்ளையிடம் சொல்லும்போது கன்றுக்குட்டி ஆகிவிட்டது. அதற்கு நான் என்ன செய்வது? என்னிடம் வேறு வீரக்கதை எதுவும் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் என் மனைவியிடம் நான் பேசிய முதல் பேச்சே இதுதான். நாயிடம் தப்பிப் பிழைத்தவன் என்பதைக் கழித்துவிட்டால், நான் வெறும் ஸ்பேனர் பிடிக்கிற ஆள்.

வழக்கம்போல அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கதையை எடுத்தாலே அவள் அப்படித்தான். பாவம், இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கோரத்தை அவளால் தாங்க முடியவில்லை. அம்மாவும் உயிரோடு இருந்தவரை இந்தப் பேச்சை எடுக்க விட்டதில்லை. பிள்ளைப் பாசம்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ப்பா" என்றாள் மகள், கேட்டுக்கு உள்பக்கம் நின்றபடி.

பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். நாய் எப்படிக் காலைத் தூக்கிப் பாய்ந்தது என்று நடித்துக் காட்ட வேண்டிய இடம் அது. ஒரு காலைத் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஓர் அலறல்.

எட்டிப் பார்த்தேன். வாசற்படியில் குழந்தையும் நாயும் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தார்கள். குழந்தையின் தாவாயில் ரத்தம்.

கேட்டை யார் திறந்தது, நான் எப்படி உள்ளே போனேன், எதுவும் தெரியாது. மகளையும் முந்திக்கொண்டு ஓடி, அந்த நாயை இந்தக் கையாலேயே பிடித்துத் தள்ளிவிட்டு, பேத்தியை வாரி மார்போடு அணைத்துக்கொண்டேன். என் உயிர் போனாலும் பரவாயில்லை, இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

"கடிச்சிடுச்சு, டாக்டரைக் கூப்பிடுங்க" என்று கத்தினேன்.

பேத்தி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். புதிதாக முளைத்திருந்த நான்கு பற்களுக்கு நடுவில் ஒரு கொத்து வெள்ளை ரோமம். பதறிப்போய் அவள் நாக்கில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தெடுத்தேன். தாவாயைத் துடைத்துப் பார்த்தால் பல் தடம் எதையும் காணோம். படியின் விளிம்பில் இடித்துக்கொண்ட சின்னக் கீறல் மட்டும் இருந்தது.

பஞ்சு ஒரு காதை மடக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் கால்களுக்குப் பின்னால் ஒளிந்து முனகிக்கொண்டிருந்தது. அலறியது குழந்தை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா மெதுவாக உள்ளே வந்தாள். என் தாவாயைப் பார்த்தாள், குழந்தையின் தாவாயைப் பார்த்தாள். இந்த முறை அவளால் வாயைப் பொத்திக்கொள்ள முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"டாக்டரெல்லாம் வேண்டாம்டா. நீயும் அந்த நாயை இப்படித்தான் கடிச்ச."