வெடி எல்லைக்குள்

சாவியை மீண்டும் திருப்பினார்.

எஞ்சின் முனகவும் இல்லை.

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் அடித்தளம். கல் நிறைந்த டிப்பரில் கலியமூர்த்தி ஒருவரே இருந்தார். எதிரே, எண்பதடியில், பாறை முகம். அதில் வரிசையாகத் துளைகள். துளைதோறும் வெடிமருந்து.

வடமேற்கே வானம் கறுத்து வந்தது.

மேகத்தைக் கண்டு வெடி எச்சரிக்கைச் சங்கை ஒரு மணி நேரம் முன்னதாகவே ஊதிவிட்டார்கள். மற்ற ஏழு வண்டிகளும் மேலேறி எல்லை கடந்தன.

அவர் எவரையும் உதவிக்கு அழைக்கவில்லை. அழைத்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

அவருடைய பேட்டரி செயலிழந்து மூன்று மாதம். நாள்தோறும் காலையில் பக்கத்து வண்டியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்புவார். பிறகு மாலைவரை அணைப்பதில்லை. அவர் தேநீர் அருந்தும்போதும் அது புகைந்துகொண்டு நிற்கும். பழுதென்று சொன்னால் வண்டியை ஓரங்கட்டுவார்கள், வண்டியோடு ஓட்டுநரையும்.

இன்று காலை புதிய விதி வந்தது. காத்துநிற்கும் வண்டி எஞ்சினை அணைக்கவேண்டும்.

விதி அவளுடையது. சுரங்கத்தின் சுற்றுச்சூழல் பொறியாளர். குழிக்குள் காற்று புகாத நாள்களில் அந்தப் புகை ஓட்டுநர்களின் நெஞ்சில்தான் தங்குகிறது என்று ஈராண்டு மன்றாடிப் பெற்றது. ஒரு வண்டி முடங்கினாலும் விதி அன்றே நீங்கும் என்று சொல்லித்தான் மேலாளர் இசைந்தார்.

பேட்டரி எப்படி என்று அவள் ஒவ்வொருவரையும் கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார் கலியமூர்த்தி.

அவள் பார்த்து நிற்க, அணைத்தார்.

இப்போது அவள் வெடி எல்லைக் கொடியைத் தாண்டிச் சரிவில் ஓடி வந்தாள். கையிலிருந்த வாக்கிடாக்கியில் வெடிப் பொறுப்பாளர் சவரிமுத்துவின் குரல்.

"நீங்க மேல வர்ற வரைக்கும் நான் வெடி பட்டன அழுத்தமாட்டேன் மேடம். மின்னலுக்கு நான் பொறுப்பில்ல."

மருந்திட்ட துளைக்கு மின்னல் ஒன்றே போதும்.

இறங்கச் சொன்னாள்.

அவர் ஸ்டியரிங்கைப் பற்றியபடி இருந்தார். வண்டி போனால் தமக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். கேட்டது அவளையா, வண்டியையா, தெரியவில்லை.

சாவியைத் திருப்பினார்.

தொலைவில் வானம் ஒருமுறை வெளுத்தது. இடி பிந்தி வந்தது.

அவள் சுற்றிச்சென்று மறுபக்கக் கதவைத் திறந்தாள். ஏறினாள். அவர் அருகில் அமர்ந்து கதவைச் சாத்தினாள்.



மறுபடி மின்னியது. இடி வந்து சேர்ந்தது. முன்னதைவிட விரைவாக.

அவர் அவளைப் பார்த்தார். பாறையைப் பார்த்தார்.

இறங்கினார்.

இருவரும் ஓடினார்கள். மேலே எல்லைக்கு அப்பாலிருந்த காப்பறையின் சுவரைத் தொடும்வரை ஒருவரும் திரும்பவில்லை. சவரிமுத்து சிலுவைக்குறி இட்டார். அழுத்தினார்.

நிலம் ஒருமுறை எழுந்து அமர்ந்தது.

புழுதி விலகியபோது டிப்பர் நின்றிருந்தது. முன்கண்ணாடி இல்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கல் அமர்ந்திருந்தது.

வாக்கிடாக்கியில் மேலாளர். குரல் உயரவில்லை. வண்டியை அணைக்கச் சொன்னதால்தானே இது என்று கேட்டார்.

ஆம் என்றால் விதி போகும். இல்லை, பேட்டரிதான் என்றால் இவர் வேலை போகும்.

அவள் வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினாள். விட்டாள்.

மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.

கலியமூர்த்தி கை நீட்டினார்.

"குடுங்கம்மா. நான் பேசுறேன்."