நிறுத்தி வைத்த வேகம்

"தொட்டுப் பாருங்கம்மா, காசா பணமா!" என்றபடி தரகர் அந்தச் சிவப்பு ரேஸ் பைக்கின் டேங்கை மறுபடியும் துடைத்தார். துடைக்கத் தூசி மிச்சமில்லை. 'ஸ்டார்ட் பண்ணுங்க' என்று சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் மிச்சம்.

எஞ்சின் ஜாமான வண்டி. யாரோ அவர் தலையில் கட்டியது. "அது போற வரைக்கும் நீங்க கடையிலேயே படுத்துக்குங்க" என்று வீட்டுக்காரி சொல்லி ஒரு மாதமாகிறது. கடை பெஞ்சின் வளைவு அவர் முதுகுக்கு வந்துவிட்டது.

வாங்க வந்த அம்மா வண்டியைச் சுற்றி வந்தார். "பார்வைக்கு நல்லாத்தான் இருக்கு. ரொம்ப வேகமா போகுமோ?"

"வேகமாவா? கண்ணை மூடித் திறந்தா அடுத்த ஊரு!"

மூலையில் ஸ்பானரோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் இருமினான். தரகரின் வீட்டுக்காரிக்குத் தம்பி.

அம்மாவின் முகம் வாடியது. "ரிப்பேரானா சரி பண்றது கஷ்டம்தானே?"

"அட நீங்க வேற! பார்ட்ஸ் மூலைக்கு மூலை கிடைக்கும். தூங்கிக்கிட்டே மாட்டிடலாம்."

மச்சானுக்கு இருமல் முற்றியது. அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

பேரம் பேசும் தந்திரம் என்று நினைத்துத் தரகர் விலையில் இறங்கினார். மறுபடியும் இறங்கினார். கும்பிடாத குறை.

"விலைக்காக இல்லீங்க. இது எனக்குச் சரிப்பட்டு வராது." அம்மா வாசலைப் பார்த்து நடந்தார்.

மச்சானுக்கு இருமித் தொண்டை போனதுதான் கண்ட பலன். ஸ்பானரை வீசிவிட்டு எழுந்தான்.

"போதும் மாமா, அவங்ககிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க. அம்மா, இது இம்மிகூட நகராது. பார்ட்ஸ் செய்யறதையே நிறுத்திட்டாங்க. எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாலும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவான்."

பெஞ்சு ஆயுள் தண்டனையாகிவிட்டது என்று தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

அம்மா திரும்பி வந்தார். "நிஜமாவா தம்பி? என்ன பண்ணாலும் ஓடாதா?"

"என் தலைமேல அடிச்சுச் சொல்றேம்மா. ஓடாது."

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. தரகர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" அம்மா பணத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். "பரீட்சையில பாஸ் பண்ணா ரேஸ் பைக் வாங்கித் தரேன்னு பையன்கிட்ட தைரியமா வாக்குக் குடுத்துட்டேன். படுபாவி, பாஸ் பண்ணிட்டான்!"